அடுத்த பாவு யாருக்கு?

இப்போதெல்லாம் பட்டு வாங்க வரும் பெரிய கம்பெனிக்காரர்கள் சேலையைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வித்தாளை நீட்டுகிறார்கள். உங்கள் தறிகளில் யாரையாவது கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறீர்களா? ஆம், இல்லை, ஏதாவது ஒன்றில் டிக் அடியுங்கள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பட்டுக் கடையை இப்போது பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இதை வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார்கள். "ஆன்ட்டி, நாங்க இல்லைன்னுதான் டிக் அடிக்கிறோம். ஆனா இல்லைன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது? ஒரு நாள் வந்து பேசுங்களேன்."

எந்தப் புண்ணியவான் 'ஆம்' என்று டிக் அடிப்பான்? போனதும் அதைத்தான் கேட்டேன். சிரித்தார்கள். பிறகு பேச ஆரம்பித்தேன். நடுவில் பிரிஞ்சி வந்துவிட்டது, நன்றாகத்தான் இருந்தது, பேச்சு பாதியில் நின்றுபோயிற்று. மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் அடுத்த முறை பிரிஞ்சி கிடைக்காது.

என் பெயர் எஸ்தர். கூரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவள். அப்பா பண்ணையாள். ஊர் விட்டு ஊர் போக வேண்டுமென்றால் பண்ணை வீட்டில் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அவருடைய அக்கா இறந்தபோது அறுப்பு நேரம் என்று அனுப்ப மறுத்துவிட்டார்கள். அப்பா மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவரைச் சங்கிலி போட்டுக் கட்டவில்லை. கொட்டகைக் கதவு திறந்துதான் இருந்தது. கட்டிப்போடப்பட்டவன் எப்படி இருப்பான் என்பது எனக்கு அன்றே தெரியும்.

பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரிய காஞ்சிபுரத்தில் ராகவன் சாரின் பட்டுக் கடைக்குச் சேலை மடிக்கும் வேலைக்குப் போனேன். பட்டு எது, ஜரிகை எது, கோர்வை எது என்பதெல்லாம் திட்டு வாங்கித் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது. அதையெல்லாம் எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.

ராகவன் சாரைப் பற்றித்தான் எழுத வேண்டும். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நெற்றியில் நாமம், பேச்சில் கிண்டல், சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை. தாத்தா பிரபந்தம் சொல்லிக்கொடுத்தவர், அப்பா பள்ளி ஆசிரியர். இவர் மட்டும் பட்டு விற்க வந்துவிட்டார் என்று சொந்தக்காரர்களுக்குக் குறை. கடைக்கு ஒரு பழைய அம்பாசடர் கார் இருந்தது. டிரைவர் வைத்துக்கொள்ள மாட்டார், அவரேதான் ஓட்டுவார். சைக்கிளில் போகிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துக் கும்பிடுவார்கள். "அவா அவசரம் அவாளுக்கு" என்பார்.

கோபம் வந்தால் மற்ற முதலாளிகள் கத்துவார்கள். இவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரணமாக நான் "எஸ்தர், இங்க வா". சேலையில் கறையைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் "எஸ்தரம்மா, தயவு பண்ணி இப்படி வந்து உக்காருங்கோ" என்பார். அந்த 'உக்காருங்கோ'வைக் கேட்டதும் நாங்கள் மடித்த சேலைகளையெல்லாம் மறுபடி பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

கொஞ்ச காலத்தில் அவர் என்னைத் தறி பார்க்கும் வேலைக்குப் போட்டார். தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலையும் ஜரிகையையும் கடை கொடுக்கும். தறிக்காரர்கள் வீட்டில் நெய்து தருவார்கள். அந்தத் தறிகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என் வேலை. அதற்குப் பெண்ணை அனுப்பிய கடை அப்போது வேறு இருந்ததாக எனக்குத் தெரியாது. "ஆம்பளை போனா கூடத்தோட நின்னுடுவான். நீ அடுப்படி வரைக்கும் போவே. வீட்டுச் சங்கதி அங்கதான் இருக்கு" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். "சொல்லாமப் போனா நாம போலீஸ். சொல்லிட்டுப் போனா விருந்தாளி. விருந்தாளிகிட்டதான் ஜனங்க பேசுவா." போன வீட்டில் ஒரு வாய் தண்ணீராவது கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். எங்கள் காலனி மனிதர்களுக்குச் சில வீடுகளில் தண்ணீர் கொடுக்க யோசிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கச் சொன்னார். கொடுக்கத் தயங்கிய ஒரு வீட்டுக்கு அவரே என்னோடு வந்து, "எனக்கும் எஸ்தருக்கும் ரெண்டு டம்ளர் ஜலம்" என்று கேட்டு, என் டம்ளரை வாங்கி அவர் குடித்துவிட்டு அவருடையதை என்னிடம் கொடுத்தார். சார் வீட்டில் இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

அடுத்தது, இடது பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் பேச வேண்டும். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒருவர் நெய்ய, இடது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளித் தர வேண்டும். எல்லாரும் நெய்கிறவரிடம்தான் பேசுவார்கள். பக்கத்தில் இருப்பவர் யார், பெண்டாட்டியா, பிள்ளையா, எங்கிருந்தோ கூட்டிவந்த ஆளா என்று யாரும் கேட்பதில்லை.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி. "அடுத்த பாவு யாருக்குப் போடப் போறீங்க?"

பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத கேள்வி. தன் இஷ்டப்படி நெய்கிறவர் இதற்கு வாய் நிறையப் பதில் சொல்வார். "உங்க கடையில ஜரிகை சரியில்லமா, அதான் யோசிக்கிறேன்" என்பார், "பொண்ணு கல்யாணம் வருது, கொஞ்ச நாள் தறியே போடப் போறதில்ல" என்பார், நம்மைத் திட்டக்கூடச் செய்வார். திட்டினால் சாருக்குச் சந்தோஷம். கட்டுண்டவர் மட்டும் பேச மாட்டார். வாசல் பக்கம் பார்ப்பார்.

அப்படி ஒரு பார்வையை நான் தண்டபாணியின் கொட்டகையில் பார்த்தேன். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷம்.

தண்டபாணி எங்கள் கடைக்கு நெய்து கொடுத்த மாஸ்டர் வீவர். திருப்பருத்திக்குன்றம் தாண்டி ஒரு கிராமத்தில் சொந்தக் கொட்டகை போட்டு, வெளியூர் ஆட்களைக் குடிவைத்துத் தறி ஓட்டினார். கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. என் தம்பி கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து காலனியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். வேலை சுத்தமாக இருக்கும். ராகவன் சாருக்கு அவர் மேல் பிரியம்.

அங்கே ஏழுமலை, தேவகி என்று ஒரு இளம் ஜோடி. செய்யாறு பக்கத்துக்காரர்கள். கல்யாணத்துக்குத் தண்டபாணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள். ஏழுமலை நெய்வான், தேவகி கரை தள்ளுவாள். வாய்த்துடுக்கு அவளுக்கு. "அக்கா, உங்க செருப்பு போன தடவைக்கும் இதே, இந்தத் தடவைக்கும் இதே" என்று என்னையே கேலி செய்வாள். அவளுக்குத் தலைச்சன் பிள்ளை வயிற்றில். நான் வளையல் வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

அன்று அவள் இடத்தில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் முனியம்மா, தேவகியின் தாயார்.

"தேவகி எங்கம்மா?"

"எங்க ஊட்டுக்குப் போயிருக்குதும்மா, பிரசவத்துக்கு. மாசம் ஆயிட்ச்சி. இன்னிக்கோ நாளைக்கோ."

"பொண்ணு உங்க வீட்ல. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

அந்த அம்மா வாசல் பக்கம் பார்த்தார். ஏழுமலை தலை நிமிரவில்லை.

"வீட்ல அவகூட யார் இருக்காங்க?"

"பக்கத்து ஊட்டுப் பொண்ணு வந்து வந்து பாத்துக்கினு போவுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள், தாய் அங்கே இல்லை. தாய் இங்கே மகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அடுப்படியில் மற்ற பெண்களிடம் கேட்டேன். இரண்டு பேரையும் சேர்த்து வெளியே விடுவதில்லையாம். ஒருவர் போனால் ஒருவர் இருக்க வேண்டும். தேவகி போக வேண்டுமென்றால் இடத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று தண்டபாணி சொல்ல, அந்த அம்மாவே வந்து உட்கார்ந்துவிட்டார். வளையலை அவர் மடியில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

கடைக்கு வந்து சாரிடம் கொட்டித் தீர்த்தேன். "அந்தாளுகிட்ட இனிமே ஒரு சேலைகூட வாங்கக் கூடாது சார். நாளைக்கே நிறுத்துங்க."

அவர் வேர்க்கடலையைக் கீழே வைத்தார். "நிறுத்தறேன். அப்புறம்?"

"அப்புறம் என்ன, நிறுத்துங்க."

"அவன் எதிர்க் கடைக்கு வித்துட்டுப் போயிடுவான். அந்த அம்மா அதே இடத்துல உக்காந்துண்டு இருப்பா. என் கை சுத்தமாயிடும். அவ்வளவுதானே?"

"அப்ப ஏழுமலைய நாம எடுத்துக்கலாமே சார். நம்ம பாவ நேரா அவன் கையில குடுங்க."

அது முடியாது என்று தலையாட்டினார். ஏன் என்று எனக்கும் தெரியும். எங்கள் தொழிலில் அன்றைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் தறியில் இருக்கும் ஆளை, அவரைக் கேட்காமல் இன்னொருவர் எடுக்கக் கூடாது. ஆள் வந்து வேலை கேட்டால், முன்னால் யாரிடம் இருந்தாய், அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தாயா என்று கேட்போம். முன்பணம் தீரவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் ஊரில் ஒரு கடையும் அந்த ஆளைத் தொடாது. இதை நாங்கள் நாணயம் என்று சொல்லிக்கொண்டோம். ராகவன் சார் அதில் ரொம்பக் கண்டிப்பு. ஆள் இழுக்காத கடை என்று எங்களுக்குப் பெயர். தண்டபாணியின் கொட்டகைக்குப் பூட்டு தேவைப்படாமல் போனதே இதனால்தான். ஏழுமலை எங்கே ஓடினாலும் காஞ்சிபுரத்துக் கடைகளெல்லாம் அவனைத் திருப்பி அனுப்பிவிடும். எங்கள் கடையும்தான்.

அன்று கடை மூடும் நேரத்தில், "அந்த வாசல்ல தண்டபாணி மட்டும் காவல் நிக்கலை எஸ்தர். நானும் நிக்கறேன்" என்றார். பிறகு வழக்கறிஞரான தன் மைத்துனருக்குப் போன் செய்து நிறைய நேரம் பேசினார்.

மறுநாள் காலையில் அம்பாசடரில் கிளம்பினோம். அன்றைக்கும் அதே வேகம்தான். எனக்கு இறங்கித் தள்ளலாம் போல இருந்தது.

தண்டபாணி வீட்டில் காபி வந்தது. சார் காபியை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அன்று டம்ளரைத் தொடவில்லை. "தண்டபாணி அவர்களே, தயவு பண்ணி உக்காருங்கோ" என்றார். அந்த 'அவர்களே'வைக் கேட்டு நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"முனியம்மாவும் ஏழுமலையும் இன்னிக்கு ஊருக்குப் போகணும். என் வண்டியில அழைச்சுண்டு போறேன்."

தண்டபாணி சிரித்தார். "எஸ்தரு ஏதோ சொல்லிச்சா சார்? முன்பணம் வாங்கினவங்க எப்படி சார் சேந்து போவாங்க? நீங்க இத்தன வருசமா இந்தத் தொழில்ல கீறீங்க. உங்க கடைக்கு வந்த ஒரு ஆளயாவது, பழைய மொதலாளிய கேக்காம எடுத்திருக்கீங்களா?"

"எடுத்ததில்லை. அது தப்புன்னு நேத்திக்குத்தான் உறைச்சது. முன்பணத்தைச் சொல்லி ஒருத்தரை நிறுத்தி வெச்சா, சட்டப்படி அது கடனே இல்லை. குத்தம்."

"நா யாரயும் நிறுத்தல சார். அந்தம்மாவே வந்து உக்காந்துச்சி. கூலியும் தரேன். கூப்டு கேளுங்க."

கூப்பிட்டார்கள். முனியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு உள்ளே வராமல் நின்றார்.

"நானாத்தான்பா வந்தேன்" என்றார். "யாரும் இஸ்துகினு வரல."

தண்டபாணி சாரைப் பார்த்தார். சார் என் பக்கம் திரும்பினார். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"உங்களுக்கு நெசவு தெரியுமாம்மா?"

"எனக்கு இன்னா தெரியும்? நா நாத்து நட்றவ. மாப்ள 'இப்ப'ன்னு சொன்னா தள்றேன்."

"அப்ப உங்கள எதுக்கும்மா உக்கார வச்சிருக்காங்க?"

அந்த அம்மா, இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தார். "எம் பொண்ணு திரும்பி வரணும்ல? அதுக்குத்தான்."

காபி கொண்டுவந்த தண்டபாணியின் மனைவி உள்வாசலில் நின்றுகொண்டிருந்தார். கொட்டகை விஷயத்தில் தலையிடாதவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பெத்தவளப் புடிச்சி அடகு வச்சிக்கினா இருந்தீங்க? எங்கிட்ட ஆளு மாத்திருக்கேன்னுதான சொன்னீங்க." தண்டபாணி, "நீ உள்ள போ" என்றார். அவர் போகவில்லை.

சார் மெதுவாகப் பேசினார். "நான் உங்ககிட்ட வாங்கறதை நிறுத்தலை. நிறுத்தினா எனக்குச் சுலபம். தொடர்ந்து வாங்கறேன், பணப் பட்டுவாடாவை முந்தித் தரேன். ஆனா என் பாவு ஓடற தறியில யாரும் இப்படி உக்காரக் கூடாது. போகணும்னவா போகலாம், வரணும்னவா வரலாம். யார் வந்து என் கடையில வேலை கேட்டாலும் இனிமே உங்களைக் கேக்க மாட்டேன். ஊர்ல எல்லாக் கடைக்கும் இதைச் சொல்லப் போறேன். ரெவின்யூ ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதியும் குடுக்கப் போறேன். இந்தக் கொட்டகைச் சேலையை வாங்கி வித்தவன்னு என் பேரையும் சேத்துத்தான்."

"உங்க பேரு கெட்டுடும் சார்."

"கெடட்டும்."

தண்டபாணி எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் மனைவிதான் கொட்டகைக்குப் போய் ஏழுமலையைக் கூட்டிவந்தார். ஒரு பையில் பழைய வேட்டித் துணிகளும் நல்லெண்ணெயும் பூண்டும் போட்டு முனியம்மா கையில் கொடுத்தார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைப் பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும். சார் சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். அதான் அனுப்பிவிட்டார்களே, எதற்கு சார் இது என்று நான் கேட்டதற்கு, "நான் சொல்லி விட்டா அது என் தயவு. நாளைக்கு மனசு மாறினா? சட்டம் சொல்லி விட்டா யாரும் திரும்பக் கூப்பிட முடியாது" என்றார். விசாரணை நடந்தது. ஏழுமலைக்கும் தேவகிக்கும், அந்தக் கொட்டகையில் இன்னும் சிலருக்கும் கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ் கிடைத்தது. எங்கள் கடைக்கு ஆள் இழுக்கிற கடை என்று பெயர் வந்தது. மற்ற கடைக்காரர்கள் கொண்டுவந்து வைக்கும் கல்யாணப் பத்திரிகைகள் குறைந்தன. சென்னையில் ஒரு பெரிய கடை எங்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டது. இன்னொரு கடை விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தானும் தறிகளில் போய் அதே மாதிரி விசாரிக்க ஆரம்பித்தது. எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் கடையில் மட்டும், ஆளை எடுக்க இன்னொரு முதலாளியின் சம்மதம் கேட்கும் வழக்கம் அன்றோடு போயிற்று. தறிக்காரர்களுக்கு அவசரத்துக்கு உதவினால், அதற்காக எங்களுக்குத்தான் நெய்ய வேண்டும் என்று கேட்பதில்லை என்றும் வைத்துக்கொண்டோம். அதில் நாங்கள் ஏமாந்ததும் உண்டு. தண்டபாணி வருஷக்கணக்கில் என்னிடம் பேசவில்லை. பிறகு பேசினார்.

ஏழுமலையும் தேவகியும் பெரிய காஞ்சிபுரத்தில் வாடகைக்கு வீடெடுத்துச் சொந்தத் தறி போட்டார்கள். முதல் சில பாவு எங்களுக்கு நெய்தார்கள். அப்புறம் தேவகி கூலியில் பேரம் பேசி, ஒத்துவராமல், அடுத்த பாவை எதிர்க் கடைக்குப் போட்டுவிட்டாள். நன்றி இருக்கிறதா பாருங்கள் என்று நான் சாரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் வேர்க்கடலை புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "எதிர்க் கடைக்கா? எதிர்க் கடைக்கேவா?" என்று அன்று முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்துவிட்டார். கும்பிட வேண்டிய மனிதர்.

ஆனால் பிள்ளைகளே, கேள்வித்தாளைப் பற்றிக் கேட்டீர்கள். தண்டபாணி வீட்டிலிருந்து கிளம்பிய அன்று மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன், அதோடு முடித்துக்கொள்கிறேன்.

செய்யாறு பக்கம் அந்தக் கிராமத்துக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். தெருவில் கார் நுழைய இடமில்லை. சார் வண்டியிலேயே இருந்துவிட்டார். முனியம்மா ஓடினார், பின்னால் ஏழுமலை, அவனுக்குப் பின்னால் நான். ஓலை வீட்டு வாசலில் தேவகி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வலி ஆரம்பித்திருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அம்மாவைப் பார்த்தாள். பின்னால் புருஷனைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்களே," என்றாள். "அப்ப அங்க யாரு உக்காந்துக்கினு இருக்காங்க?"

"யாரும் இல்லடி," என்றார் முனியம்மா.

தேவகி நம்பவில்லை. ஏழுமலையைப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தாள்.

"நெசமாவா அக்கா?"

"நெசம்தாம்மா. யாரும் இல்ல."

அதற்குப் பிறகுதான் அவள் சுவரை விட்டுவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள், வாய்விட்டுக் கத்தினாள்.